எத்தனைக்கு எத்தனை?



பள்ளிக் கணிதத்தை முடித்துக் கல்லூரியில் சேரும் மாணவர், நிகழ்தகவும் புள்ளியியலும் என்னும் பாடத்தை முதன்முதலாகச் சந்திக்கும்போது சற்றுத் திகைப்பதுண்டு. அதுவரை அவர் கற்ற கணிதம் உறுதியைப் பற்றியது. சமதளத்தில் வரைந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும். அதில் ‘வரலாம்’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை. இப்பாடமோ தொடக்கத்திலிருந்தே ‘வரலாம்’ என்பதைப் பற்றிப் பேசுகிறது. நாளை மழை பெய்யுமா, இந்த மருந்து பிணியைத் தீர்க்குமா, இந்தச் சான்று குற்றத்தை மெய்ப்பிக்குமா என்பன போன்ற வினாக்களை ஒழுங்காக ஆராயும் முறையை அது கற்பிக்க முற்படுகிறது.

திகைப்பைப் போக்கிக்கொள்ளப் பலரும் மேற்கொள்ளும் வழி, சூத்திரங்களை மனப்பாடம் செய்வது. சராசரிக்கு ஒன்று, திட்ட விலக்கத்துக்கு ஒன்று, நிபந்தனை நிகழ்தகவுக்கு ஒன்று என்று அவற்றை நெட்டுருச் செய்து தேர்விலும் வென்றுவிடுகிறார்கள். ஆயின், சூத்திரத்தில் எண்களை இட்டு விடை காணும் வேலையை இன்று கணிப்பொறி நொடிப்பொழுதில் முடித்துவிடுகிறது. அந்த வேலை தொடங்குவதற்கு முன்பே நாம் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ‘எத்தனைக்கு எத்தனை?’ என்பதே அக்கேள்வி. அஃதாவது, நம் முன் வைக்கப்படும் எண் எந்த முழுத்தொகையின் பகுதி என்று கேட்பது. முதலாண்டுப் பாடம் முழுவதையும் இந்த ஒரு கேள்வியின் விரிவு என்றே கொள்ளலாம்.

இக்கலை பிறந்த கதையிலேயே அக்கேள்வி இருக்கிறது. 1654ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கணித மேதைகளான பாஸ்கலும் பெர்மாவும் ஒரு சூதாட்டக் கணக்கைப் பற்றித் தம்முள் கடிதம் எழுதிக்கொண்டனர். சம திறமையுடைய இருவர் ஆளுக்கு 32 பொற்காசு பந்தயம் வைத்து ஆடுகின்றனர். மூன்று ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கு 64 காசும் உரியவை. ஒருவர் இரண்டு ஆட்டங்களையும் மற்றவர் ஓர் ஆட்டத்தையும் வென்றிருக்கும் நிலையில் ஆட்டம் நின்றுபோகிறது. காசுகளை எவ்வாறு பங்கிடுவது?

இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் பிரிக்கலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் அம்மேதைகள் நடந்து முடிந்த ஆட்டங்களை எண்ணவில்லை. இனி நடக்கக்கூடியவற்றை எண்ணினர். இன்னும் இரண்டு ஆட்டங்கள் ஆடினால் முடிவு உறுதியாகத் தெரிந்துவிடும். அவ்விரண்டு ஆட்டங்களும் நான்கு வகையாக முடியலாம். இரண்டையும் முதல்வர் வெல்லலாம். முதல்வரும் இரண்டாமவரும் அம்முறையே வெல்லலாம். அது மாறி நிகழலாம். இரண்டையும் இரண்டாமவரே வெல்லலாம். இந்நான்கில் மூன்று வகையில் பந்தயம் முதல்வருக்கு. ஒரே ஒரு வகையில்தான் இரண்டாமவருக்கு. ஆகவே முதல்வருக்கு 48 காசு, மற்றவருக்கு 16 காசு.

இங்கே நீங்கள் ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். அடுத்த ஆட்டத்தை முதல்வரே வென்றுவிட்டால் பந்தயம் முடிந்துவிடுமே. அதற்கு மேல் ஓர் ஆட்டத்தை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்? வகைகள் மூன்றுதானே? இதே ஐயத்தை அக்காலத்திலேயே ரோபர்வால் என்ற கணித அறிஞரும் எழுப்பினார். மூன்று வகை என்று எண்ணுவதில் பிழையில்லை. ஆனால் அம்மூன்றும் சம வாய்ப்புடையவை அல்ல. முதல்வர் உடனே வெல்லும் வகைக்குப் பாதி வாய்ப்பு. எஞ்சிய இரண்டுக்கும் கால் கால் வாய்ப்பு. எனவே விடை மாறாது. எண்ணினால் மட்டும் போதாது; எண்ணப்படுபவை சம எடையுள்ளவையா என்றும் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இனி, உயிரோடு தொடர்புடைய ஒன்றைக் காண்போம். ஓர் ஊரில் 10,000 பேர் இருப்பதாகவும், அவர்களுள் 100 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அந்நோயைக் கண்டறியும் சோதனை, நோயாளர் நூற்றுவரில் 95 பேரைச் சரியாகக் காட்டிக்கொடுக்கிறது. நோயற்றவர் நூற்றுவரில் 5 பேரை மட்டும் தவறாக நோயாளர் என்கிறது. சோதனையில் ‘நோய் உண்டு’ என்ற முடிவைப் பெற்ற ஒருவருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும் வாய்ப்பு என்ன? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று பலர் உடனே விடை கூறுவர்.

அவசரப்படாமல் எண்ணிப் பாருங்கள். நோயுள்ள 100 பேரில் 95 பேர் அகப்படுகின்றனர். நோயற்றோர் 9,900 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஐவர் வீதம் 495 பேர் தவறாக அகப்படுகின்றனர். ஆகமொத்தம் 590 பேரின் தாளில் ‘நோய் உண்டு’ என்று எழுதப்படுகிறது. அவர்களுள் உண்மையான நோயாளர் 95 பேரே. 590க்கு 95 என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 16. நோயாளருள் எத்தனை பேரைச் சோதனை காட்டிக்கொடுக்கும் என்பது ஒரு கேள்வி. சோதனை காட்டிக்கொடுத்தவர்களுள் எத்தனை பேர் நோயாளர் என்பது மற்றொரு கேள்வி. முதலாவதின் முழுத்தொகை 100. இரண்டாவதின் முழுத்தொகை 590. தாமஸ் பேயிஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதி, அவர் மறைந்த பின் 1763இல் வெளிவந்த கட்டுரையிலிருந்து வளர்ந்த தேற்றம் கூறுவது இதைத்தான். மேலே எண்ணியது போல் எண்ணத் தெரிந்தவருக்கு அத்தேற்றத்தின் சூத்திரம் தானே வந்துவிடும்.

இவ்விரு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பினால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்குச் சான்றாக நிற்கிறது. சாலி கிளார்க் என்ற வழக்குரைஞரின் கைக்குழந்தைகள் இருவர், 1996இலும் 1998இலும் ஒருவர்பின் ஒருவராக வீட்டில் இறந்தனர். தாயே கொன்றார் என்று வழக்குத் தொடரப்பட்டது. அத்தகைய வசதியுள்ள குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் அறியப்படாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று என்றும், இருவர் அவ்வாறு இறக்கும் வாய்ப்பு அவ்வெண்ணை அதே எண்ணால் பெருக்கிவரும் 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றும் மருத்துவ வல்லுநர் ஒருவர் சாட்சியம் அளித்தார். 1999 நவம்பரில் அத்தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

முதலாண்டு மாணவரும் கண்டுகொள்ளத்தக்க இரு பிழைகள் அக்கணக்கில் இருந்தன. இரண்டு வாய்ப்புகளை நேராகப் பெருக்குவது, அந்நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ஒரு நாணயத்தை இருமுறை சுண்டும்போது முதலில் விழுந்த தலையை நாணயம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அங்கே பெருக்கலாம். ஆனால் உடன்பிறந்த குழந்தைகள் ஒரே மரபுவழியினர். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஒருவரைத் தாக்கிய காரணம் மற்றவரையும் தாக்கியிருக்கக்கூடும். இது முதற்பிழை.

இரண்டாம் பிழை இன்னும் ஆழமானது. 7 கோடியே 30 இலட்சம் என்ற எண்ணைச் சரியென்றே கொண்டாலும், அது அத்தாய் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு ஆகாது. தாய் தன் குழந்தைகள் இருவரையும் கொல்வதும் மிக மிக அரிய நிகழ்ச்சியே. இரண்டு குழந்தைகள் இறந்துவிட்டன என்பது தெரிந்த செய்தி. அவ்வாறு குழந்தைகளை இழந்த குடும்பங்கள் எத்தனையோ, அவற்றுள் இயற்கையால் நேர்ந்தவை எத்தனை, குற்றத்தால் நேர்ந்தவை எத்தனை என்றே கேட்டிருக்க வேண்டும். இங்கும் முழுத்தொகை மாறிப்போயிற்று. 2001இல் பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம் இப்பிழையை வெளிப்படையாகக் கண்டித்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் நோய்க்கிருமிகள் காணப்பட்ட ஆய்வு முடிவு மறைக்கப்பட்டிருந்ததும் பின்னர் வெளிவந்தது. 2003 சனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. அதற்குள் மூன்றாண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் கழித்துவிட்டார், 2007இல் மறைந்தார்.

நிகழ்தகவிலிருந்து புள்ளியியலுக்கு வருவோம். நிகழ்தகவில் முழுத்தொகை நமக்குத் தெரியும்; அதன் பகுதி எவ்வாறு அமையும் என்று கேட்கிறோம். புள்ளியியலில் பகுதி மட்டுமே கையில் இருக்கிறது. அதைக் கொண்டு முழுத்தொகையை அறிய முயல்கிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் கூறியது இதுவே. ஆனால் பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அப்பழமொழி செல்லும். அடியில் குழைந்தும் மேலே அரிசியாகவும் இருந்தால், மேலிருந்து ஒரு பருக்கை என்ன, ஓர் அகப்பை எடுத்துப் பார்த்தாலும் பதம் தெரியாது.

1936இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலை முன்னறிந்து கூற ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ் ஒரு கோடிப் பேருக்கு அட்டைகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடை அனுப்பினர். லேண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46ஐ வென்று ரூஸ்வெல்ட் பதவியேற்றார். தொலைபேசி, மோட்டார் கார் ஆகியவற்றை வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகள் திரட்டப்பட்டிருந்தன. பொருளாதார நெருக்கடி மிகுந்த அந்நாளில் அவர்கள் வசதி படைத்தவர்கள். விடை அனுப்ப முன்வந்தோரும் எல்லா மக்களையும் ஒத்தவர்கள் அல்லர். மிகச் சிறிய மாதிரியை முறையாகத் தேர்ந்த காலப் என்பவரின் கணிப்போ வெற்றியாளரைச் சரியாகக் கூறியது.

நம் நாட்டில் இம்முறையை நிலைநாட்டியவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அவர், அடுத்த சில ஆண்டுகளில் வங்காளத்தில் சணல் பயிராகும் பரப்பை அளக்க முற்பட்டார். ஒவ்வொரு வயலையும் அளப்பதற்குப் பதிலாக, குலுக்கல் முறையில் சில நிலத்துண்டுகளைத் தேர்ந்து அளக்கச் செய்தார். அதோடு நில்லாமல், ஒரே பகுதியை இரண்டு குழுவினர் தனித்தனியே அளக்கும்படி ஏற்பாடு செய்து, அவர்கள் கணக்குகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்றும் ஒப்பிட்டார். தம் கணக்கில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் கணக்கிட்டுச் சொல்வதே புள்ளியியலின் நேர்மை. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கும் அவரே வழிகாட்டி.

இப்பாடத்தைப் பயிலப்போகும் உங்களுக்கு மூன்று பழக்கங்களைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, பின்னத்தைக் கண்டவுடன் அதன் கீழெண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இரண்டாவது, நிபந்தனை நிகழ்தகவுக் கணக்கு மயக்கம் தந்தால், பத்தாயிரம் பேரைக் கற்பனை செய்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்று தாளில் எழுதுங்கள். மூன்றாவது, ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாகக் குறித்துவையுங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து ஐந்து முறை விழுந்த இடம் ஒன்றேனும் அவ்வரிசையில் பெரும்பாலும் இருக்கும். தற்செயல் எப்படிப்பட்ட வடிவங்களை எல்லாம் காட்டும் என்று கண்ணாரக் கண்டவர், வடிவம் கண்ட இடமெல்லாம் காரணம் இருக்கிறது என்று துணிந்துவிட மாட்டார்.

உங்களுள் பலர் நாளை மருத்துவராகவும் வழக்குரைஞராகவும் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் விளங்கப்போகிறீர்கள். ஏதேனும் ஓர் எண் உங்கள் மேசைக்கு வரும். அதை நம்பி நீங்கள் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அப்போது சூத்திரங்கள் மறந்துபோயிருந்தாலும் கேடில்லை; அவற்றைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்திடுவதற்கு முன் ‘எத்தனைக்கு எத்தனை?’ என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்வு காத்திருக்கக்கூடும்.