காத்தோங்கின் பழைய கரை: நிலப்படத்தின்மேல் படம் பொருத்தும் முறை

'தஞ்சோங்' என்பது கடலுள் நீண்டு கிடக்கும் நிலமுனையைக் குறிக்கும் மலாய்ச் சொல். 'காத்தோங்' என்பதைக் கடலாமை வகை ஒன்றன் பெயர் என்பாரும் உளர். தொலைவிலிருந்து கரையை நோக்குங்கால் தோன்றும் கானல் அலைவைக் குறித்தது என்பாரும் உளர். எதனைக் கொள்ளினும் கடல் இல்லாமல் அப்பெயருக்குப் பொருள் இல்லை. ஆயினும், 2024 சூன் 23ஆம் நாள் திறக்கப்பெற்ற தஞ்சோங் காத்தோங் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வருவோர் கண்ணுக்கு அலையும் புலப்படாது, முனையும் புலப்படாது. கடல் தெற்கே தள்ளிப் போய்விட்டது. பெயர் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

தமிழ் அறிந்தோர்க்கு இது புதுமையன்று. பாண்டியரின் துறைமுகமாய் முத்துக் குளித்தலுக்குப் பேர்பெற்ற கொற்கை இன்று கடலினின்றும் சில கல் தொலைவில் உள்ள சிற்றூர். அங்கே கடலைத் தள்ளியது தாமிரபரணி கொணர்ந்த வண்டல். காத்தோங்கிலோ, தள்ளியது மனிதன் கை. 1966இல் சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கிழக்குக் கரையைத் தூர்க்கும் பெரும்பணியைத் தொடங்கிற்று. பெடோக், தெம்பனிஸ் பக்கத்துக் குன்றுகள் வெட்டப்பட்டு அம்மண் கடலில் கொட்டப்பட்டது. கட்டம் கட்டமாக 1980களின் நடுப்பகுதி வரை நடந்த அப்பணியால் ஏறத்தாழ 1,525 ஹெக்டேர் நிலம் கிடைத்தது. மரின் பரேட் அடுக்குமாடி வீடுகளும், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும், விமான நிலையம் நோக்கிச் செல்லும் விரைவுச்சாலையும் அப்புது நிலத்தின்மேல் நிற்பவையே.

இனி, வகுப்பில் இதனைக் காட்ட விழையும் தமிழாசிரியர் ஒருவரை எண்ணுக. சிலோன் சாலையில் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு குளக்கரையில், செண்பக மரத்தடியில் விநாயகர் திருவுருவம் கிடைத்ததாகக் கோயில் வரலாறு கூறும். 1923 முதல் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கத்தின் பொறுப்பில் உள்ளது. அக்கோயிலுக்கு நடந்து சென்ற பழைய தலைமுறைக்குக் கடல் எவ்வளவு அண்மையில் இருந்தது? இக்கேள்விக்கு வாய்ச்சொல்லைவிடப் பழைய நில அளவைப் படம் நல்ல விடை தரும். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் அத்தகைய படங்களை ஒளிவருடிச் சேமித்து வைத்திருக்கிறது. அப்படத்தை இன்றைய நிலப்படத்தின்மேல் சரியாகப் படிய வைத்தால் போதும். ஆனால் அந்தச் 'சரியாக' என்னும் ஒரு சொல்லுக்குள்தான் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

படத்தைப் பொருத்துவது என்பதில் இரு வேறு செயல்கள் உள. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதே பெரும்பாலான பிழைக்கு வேர். பள்ளிச் சுவரில் தொங்கும் நிலப்படத்தில் பிள்ளைகள் கோயில் படம் ஒன்றை வெட்டிப் பசை தடவி ஒட்டுகிறார்கள். இஃது ஒட்டுதல். தோட்டத்து அளவைப் படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, ஓடையும் லயமும் எல்லைக் கல்லும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி நகர்த்தி வைக்கிறார் கணக்கர். இது படிய வைத்தல். ஒட்டிய படத்திற்கு இடம் உண்டு, அளவு இல்லை. படிய வைத்த படத்திற்கோ ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் உண்டு.

கணினியில் இவ்விரண்டையும் செய்ய வல்ல கருவிகளுள் ஒன்று ஜி.எம்.டி. 1988 அளவில் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாமான்ட் ஆய்வகத்தில் மாணவர்களாய் இருந்த பால் வெசல், வால்டர் ஸ்மித் என்னும் இருவர் தம் கடலடி ஆராய்ச்சிக்காக எழுதத் தொடங்கியது. இன்றுவரை விலையின்றிக் கிடைப்பது. இதில் சுட்டியைப் பிடித்து இழுத்துப் படம் வைக்கும் வழி கிடையாது. வேண்டுவதை ஒரு வரியாக எழுதி ஏவுதல் வேண்டும். முதலில் இது தொல்லையாகத் தோன்றும். ஆனால் எழுதிய வரிகள் ஒரு கோப்பில் நிற்கின்றன. பாடக்குறிப்பேடு போல அடுத்த ஆண்டு எடுத்து, ஓர் எண்ணை மாற்றி, மீண்டும் ஓட்டலாம். பிறர் ஒருவர் வாங்கிப் பார்த்துப் பிழை இருப்பின் சுட்டலாம். கையால் இழுத்து வைத்த படத்தில் பிழை எங்கே நுழைந்தது என்று யார் சொல்ல முடியும்?

வரைவதற்கு முன் கருவிக்கு இரண்டு செய்தி தேவை. எந்த நிலப்பகுதி என்பது ஒன்று. அதற்கு 'ஆர்' என்னும் எழுத்தின்பின் மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு என்ற வரிசையில் நான்கு எல்லை எண்களைத் தருவர். காத்தோங்கிற்கு 103.86, 103.94, 1.28, 1.33 என்று கொள்ளலாம். முன்னிரண்டும் நெட்டாங்கு, பின்னிரண்டும் அகலாங்கு. இரண்டாவது, உருண்டையான நிலத்தைத் தட்டைத் தாளில் எவ்வாறு விரிப்பது, தாளில் எத்தனை சென்டிமீட்டர் அகலத்தில் விரிப்பது என்பது. அதற்கு எழுத்து 'ஜே'. மெர்க்கேட்டர் முறையில் 16 சென்டிமீட்டர் என்று சொன்னால், 0.08 பாகை 16 சென்டிமீட்டரில் அடங்கும். அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 556 மீட்டர். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் இங்கே ஒரு பாகை நெட்டாங்கும் ஒரு பாகை அகலாங்கும் கிட்டத்தட்ட ஒரே நீளம், சுமார் 111 கிலோமீட்டர். பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்க இதைவிட வாய்ப்பான ஊர் அரிது.

ஒட்டுவதற்கு உரிய கட்டளையின் பெயர் 'இமேஜ்'. படக்கோப்பின் பெயரையும், 'டி' என்னும் எழுத்தின்பின் இடத்தையும் சொல்ல வேண்டும். இடத்தைப் பல வகையாகச் சொல்லலாம். 'ஜி' என்று தொடங்கினால் நெட்டாங்கும் அகலாங்கும். சிறிய 'ஜே' என்றால் சட்டத்தின் உள்ளே ஒரு மூலை. பெரிய 'ஜே' என்றால் சட்டத்திற்கு வெளியே. பள்ளிச் சின்னத்தை மேல் இடது மூலையில் வைக்கச் சிறிய 'ஜே'யே போதும். அகலத்தை மட்டும் கொடுத்தால் உயரத்தைப் படத்தின் விகிதப்படி கருவியே கணக்கிட்டுக்கொள்ளும். இரண்டையும் கொடுத்துக் கோபுரத்தைக் குட்டையாக்குவோரும் உண்டு.

இவ்விடத்தில் பலர் இடறுவது நங்கூரப் புள்ளியில். சொன்ன இடத்தில் படத்தின் எந்தப் பகுதி அமர வேண்டும்? நடுவா, கீழ் மூலையா? கூறாது விட்டால் கருவி தன் வழக்கப்படி ஒன்றைக் கொள்ளும்; கோயில் படம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஆகவே எப்போதும் கூறிவிடுவதே நன்று. கூர்முனை கீழே உள்ள குறிப்படமாயின் கீழ்-நடு என்று சொல்லுதல் பொருத்தம்.

இவ்வாறு ஒட்டிய கோயில் படம் 3 சென்டிமீட்டர் அகலமாயின், மேற்சொன்ன நிலப்படத்தில் அது 1,670 மீட்டர் நிலத்தை மறைக்கும். அதே கட்டளையைத் தீவு முழுவதற்குமான படத்தில், 103.6 முதல் 104.1 வரை அதே 16 சென்டிமீட்டரில், ஓட்டினால் 10 கிலோமீட்டருக்கு மேல் மறைக்கும். படம் பெரிதாகவில்லை, நிலம் சுருங்கிற்று. கோயிலைச் சுட்டுவதற்கு இதனால் தீங்கில்லை. பழைய நில அளவைப் படத்தை இவ்வாறு ஒட்டினால் மட்டும் பெருந்தீங்கு. கண் மதிப்பில் பொருந்தியதுபோலத் தோன்றி, கரைக்கோடு இல்லாத இடத்தில் போய் நிற்கும். அச்சிட்டுவிட்டாலோ அதுவே வரலாறாகிவிடும்.

படிய வைப்பதற்குப் படக்கோப்பு தான் நிலத்தில் எங்கே உள்ளது என்பதைத் தானே அறிந்திருக்க வேண்டும். ஜியோடிஃப் என்னும் கோப்பு வகையில் அச்செய்தி உள்ளேயே பொதிந்திருக்கும். மற்ற வகைப் படங்களுக்கு அருகில் ஆறே வரிகள் கொண்ட துணைக்கோப்பு ஒன்று வைப்பர். முதல் வரி ஒரு புள்ளியின் அகலம். இரண்டும் மூன்றும் படம் சாய்ந்திருப்பின் அச்சாய்வு. நான்காவது ஒரு புள்ளியின் உயரம். ஐந்தும் ஆறும் மேல் இடது மூலைப் புள்ளியின் நடுவிடம். 4,000 புள்ளி அகலமான படம் 8 கிலோமீட்டரைக் காட்டினால் புள்ளி ஒன்றுக்கு 2 மீட்டர். பாகைக் கணக்கில் 0.000018. நான்காவது எண் எதிர்மறையாக இருத்தல் வேண்டும். ஏன் எனின், கணினி படத்தை ஏட்டைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழாக எண்ணுகிறது. அகலாங்கோ இங்கே கீழிருந்து மேலாக ஏறுகிறது. அக்கழித்தல் குறியை மறந்தால் ஊர் தலைகீழாகும். ஐந்தாம் ஆறாம் எண்கள் புள்ளியின் நடுவைக் குறிப்பன, மூலையை அல்ல என்பதையும் மறத்தலாகாது.

அவ்வாறு எண் எதுவும் இல்லாத பழைய படத்திற்கு எண்களைப் பெறுவது எங்ஙனம்? படத்திலும் இன்றைய நிலத்திலும் மாறாதிருக்கும் இடங்களைத் தேடிப் பிடித்து, 'படத்தின் இப்புள்ளி நிலத்தின் இவ்விடம்' என்று சோடி சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதனைச் செய்ய ஜிடால் என்னும் மற்றொரு கருவித் தொகுதி உண்டு. பிராங்க் வார்மர்டாம் 1998இல் தொடங்கியது. மூன்று சோடி இருந்தால் கணக்கு முடியும். ஆனால் மூன்று மட்டும் கொடுத்தால் பிழை இருப்பினும் வெளியே தெரியாது, மூன்றும் கச்சிதமாகப் பொருந்தியே தீரும். நான்காவதுதான் சாட்சி.

காத்தோங்கில் எதனை எடுப்பது? கரையை எடுக்கலாகாது, நகர்ந்தது அதுவே. சாலைச் சந்திகளே தக்கவை. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் ஜூ சியாட் சாலை வந்து சேரும் இடம், சிலோன் சாலை தொடங்கும் இடம், தஞ்சோங் காத்தோங் சாலையும் மவுண்ட்பேட்டன் சாலையும் சந்திக்கும் இடம் ஆகியவை முன்வரும். பெயர்கள் மாறியிருக்கலாம்; மவுண்ட்பேட்டன் சாலையே முன்னாளில் குரோவ் சாலை. ஆயினும் ஒரு நெடுஞ்சாலையை ஒட்டியே எல்லாப் புள்ளிகளையும் எடுத்தால், ஒற்றைக் கீலில் தொங்கும் கதவு போல, படம் அக்கோட்டை அச்சாகக் கொண்டு வடக்கும் தெற்கும் ஆடும். இங்கே உள்ள சிக்கல் இன்னும் கூர்மையானது. அறிய விரும்பும் கரையோ சாலைக்குத் தெற்கே. தெற்கே அந்நாளில் கடலாதலின் பிடித்துக்கொள்ளப் புள்ளி இல்லை. எதை அளக்க வேண்டுமோ அது புள்ளிகளின் வேலிக்கு வெளியே விழுகிறது.

இதற்குத் துணை நிற்பது காத்தோங் பூங்கா. 1879இல் அங்கே கடலை நோக்கித் தஞ்சோங் காத்தோங் கோட்டையைக் கட்டினர். 1901இல் அது கைவிடப்பட்டது. பின்னர் மண்ணுள் மறைந்து கிடந்து, 2001இல் அதன் சுவர்ப்பகுதி கண்ணில் பட, 2004, 2005 ஆண்டுகளில் அகழ்ந்து ஆராயப்பட்டது. கடலோரத்தில் கட்டி, இன்றும் இடம் பெயராமல் மண்ணில் கிடக்கும் ஒரு மூலைச் சுவரைவிடச் சிறந்த கட்டுப்பாட்டுப் புள்ளி வேறென்ன வேண்டும்? அதனுடன் மேயர் சாலையின் திருப்பம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் தெற்குப் பக்கம் ஓரளவு கட்டுக்குள் வரும். பழைய தாள் ஈரத்தில் நீண்டும் சுருங்கியும் இருக்கும். அதனால் சில மீட்டர் வேறுபாடு எஞ்சும். அவ்வேறுபாட்டை ஒழிக்கவென்று வளைக்கும் கணக்கு முறைகளை ஏவினால், புள்ளிகளில் பிழை நீங்கி, புள்ளி இல்லாத கரையோரத்தில் பிழை பெருகும்.

அளவை முறையிலும் விழிப்பு வேண்டும். சிங்கப்பூர் 2004 முதல் எஸ்.வி.ஒய்.21 என்னும் மீட்டர் முறையைக் கொண்டுள்ளது. வட அகலாங்கு 1 பாகை 22 நிமிடம், கிழக்கு நெட்டாங்கு 103 பாகை 50 நிமிடம் அதன் மூலம். அங்கே எண்கள் சுழியத்தில் தொடங்குவதில்லை, கிழக்கு 28001.642, வடக்கு 38744.572 என்று கூட்டிவைத்துத் தொடங்கும். தீவில் எங்கும் எதிர்மறை எண் வராதிருக்கச் செய்த ஏற்பாடு. அம்முறைப்படி காத்தோங் ஏறத்தாழ கிழக்கு 36,000, வடக்கு 32,000. ஆறு வரித் துணைக்கோப்போ தன் எண்கள் மீட்டரா பாகையா என்று சொல்லாது. 36,000 என்பதைப் பாகை என்று கருவி கொண்டால் என்ன ஆகும்? வெற்றுத்தாள்தான் கிடைக்கும். ஆதலின் ஜிடாலைக் கொண்டு முதலில் பாகைக்கு மாற்றிக்கொள்ளுதல் எளிது.

இவ்வளவும் முடிந்தபின் ஜி.எம்.டி.யில் எஞ்சுவது ஒரு வரியே. இம்முறை கட்டளை 'இமேஜ்' அன்று, 'கிரிட் இமேஜ்'. இடமும் அகலமும் சொல்ல வேண்டுவதில்லை. படம் தன் இடத்தைத் தானே அறியும். நிலப்படத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் உடன் நீளும், உடன் சுருங்கும். 'டி' என்னும் சிற்றெழுத்துடன் 50 என்று சேர்த்தால் படம் மெழுகுத்தாள் போல் பாதி ஊடுருவித் தெரியும். அடியில் இன்றைய கரையை வரைவதற்குக் கருவியோடு வரும் கரைக்கோட்டை நம்பலாகாது. உலகம் முழுமைக்குமாகத் தொகுத்த அதன் அடிப்படை, 2,50,000இல் ஒரு பங்கு அளவிலான படங்கள். அவ்வளவில் 250 மீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர். ஈஸ்ட் கோஸ்ட் சாலைக்கும் பழைய கரைக்கும் இடைப்பட்ட சில நூறு மீட்டர் அங்கே ஒரு பேனாக்கோட்டின் தடிப்புக்குள் மறைந்துபோம். சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் தரவைக் கொள்ளுதல் தக்கது.

முதற்படம் வெளிவந்ததும் கோட்டையை நோக்குக. அதன் மூலைச்சுவர் காத்தோங் பூங்காவுக்குள் விழுந்தால் மேலே செல்லலாம். மரின் பரேட் மாடிவீடுகளின் நடுவே போய் விழுந்தால் சோடிகளுள் ஒன்று மாறியிருக்கிறது. ஒவ்வொன்றாக நீக்கி நீக்கி மீண்டும் ஓட்டினால் எது என்பது தெரிந்துவிடும். கோட்டை வடக்கேயும் சிலோன் சாலை தெற்கேயும் வந்து நிற்குமாயின் சோடிகளில் குறை தேட வேண்டாம். நான்காம் வரியின் கழித்தல் குறியைப் பார்த்தால் போதும்.