கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கர்

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் சக்கர வீட்டை வாங்கப் போகிற குடும்பம், விற்பனை மைதானத்தில் முதலில் உள்ளே ஏறிக் கட்டிலில் உட்கார்ந்து பார்க்கும். அடுத்து அலமாரிகளைத் திறந்து மூடும், அடுப்படியில் நின்று பார்க்கும். அதற்குள் பிள்ளைகள் மேல்படுக்கையைப் பிடித்துவிட்டிருப்பார்கள். பாதி முடிவு அங்கேயே எடுத்தாகிவிடும். அந்த முடிவின் விலை, சிறிய டிரெய்லராக இருந்தால் ஒரு காரின் விலை. பெரிய டீசல் வண்டியாக இருந்தால் ஒரு வீட்டின் விலை.

கட்டிலின் மெத்தையை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவை வண்டியின் அச்சு, சட்டகம், சுவர், நீர்த்தொட்டி இருக்கும் இடம் ஆகியவை. இவற்றைப் பற்றிய முதல் செய்தி, நுழைவாசல் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் இருக்கிறது. அதைக் குனிந்து படிப்பவர்கள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

வகைகளை முதலில் பார்த்துவிடலாம். எஞ்சினோடு சேர்ந்தே வருபவை மூன்று வகுப்பு. பேருந்து அளவில் இருப்பது ‘ஏ’. ஸ்பிரிண்டர், டிரான்சிட் போன்ற வேனுக்குள்ளேயே வீட்டை அடக்குவது ‘பி’. வேனின் முன்பகுதியை வைத்துக்கொண்டு பின்னால் பெட்டி கட்டி, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கையும் போடுவது ‘சி’. எஞ்சின் இல்லாமல் இழுத்துச் செல்லப்படுபவற்றில், காரின் பின்முனையில் உள்ள குமிழில் மாட்டுவது டிராவல் டிரெய்லர்; பிக்கப் லாரியின் தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலேயே மாட்டுவது ஃபிஃப்த் வீல். நம் ஊர் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன் இந்தக் குடும்பத்தின் தூரத்து உறவு.

இனி அந்த ஸ்டிக்கர். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த பிறகு, வண்டியில் இன்னும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்ற உச்சவரம்பை அதில் அச்சிட வேண்டும் என்பது அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதி. தொட்டி நிறைய நீர் பிடித்தால் அதில் எத்தனை கிலோ போய்விடும் என்பதும் அதிலேயே இருக்கும். ஒரு டிரெய்லரில் 400 கிலோ என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 150 கிலோ போயிற்று. விற்பனையாளர் பின்னர் மாட்டித்தரும் இரண்டு லெட்-ஆசிட் பேட்டரிகள் சுமார் 50 கிலோ. மிச்சமுள்ள 200 கிலோவுக்குள்தான் பாத்திரம், துணிமணி, படுக்கை விரிப்பு, மடக்கு நாற்காலி, கருவிப்பெட்டி, சைக்கிள், ஒரு வாரத்து மளிகை எல்லாம் அடங்க வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு இது மிகவும் இறுக்கமான கணக்கு. வரம்பு மீறிய சுமையை டயரும் அச்சும்தான் தாங்கியாக வேண்டும். நெடுஞ்சாலை வெயிலில் டயர் வெடிப்பதற்கு அதிகச் சுமையும் குறைந்த காற்றழுத்தமும் சேர்ந்து தரும் சூடு முக்கியமான காரணம்.

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது ‘வெற்று எடை’. நீர், பேட்டரி, பயணிகளின் சாமான் எதுவும் சேராத எடை அது. அந்த எடையில் யாரும் ஊருக்குப் போவதில்லை. இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது வெற்று எடையை விட்டுவிட்டு, மொத்த எடை வரம்பையும் சுமை வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். நீளம் கூடிய வண்டியில் சுமை வரம்பும் கூடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் நேர்மாறு. அதே அச்சின் மேல் நீண்ட பெட்டியையும், வெளியே தள்ளி விரியும் அறையையும் கட்டினால் எஞ்சுவது குறைவுதானே.

இழுக்கும் வண்டியின் கதை இதைவிடச் சிக்கலானது. பிக்கப் விளம்பரங்கள் ‘4,500 கிலோ இழுக்கும்’ என்று சொல்கின்றன. அது பொய்யில்லை. இழுதிறனை அளக்க எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொதுத் தரநிலை இருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் டேம் சாலையில் சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றத்தை, கடும் வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டு, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் சோதனைகளில் ஒன்று. எஞ்சினுக்கு அது நல்ல பரீட்சைதான். ஆனால் அந்தக் கணக்கில் முன்னிருக்கையில் இருப்பவர்கள் ஆளுக்கு 68 கிலோ எடையுள்ள இருவர் மட்டுமே. பின்னிருக்கைப் பிள்ளைகளும் நாயும் ஐஸ்பெட்டியும் அதில் வரவில்லை.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை மாட்டும் குமிழின் மேல் அழுந்த வேண்டும். ஃபிஃப்த் வீலுக்கு அது 15 முதல் 25 சதவீதம். இந்த அழுத்தம் பிக்கப் சுமக்கும் சரக்காகவே கணக்காகும். பிக்கப்பின் ஓட்டுநர் கதவைத் திறந்தால், அதன் தூணில் ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை கிலோ என்று ஒட்டியிருக்கும். அது 680 என்று கொள்வோம். 3,200 கிலோ டிரெய்லர், 13 சதவீதம் அழுத்தினால் 416 கிலோ. மாட்டும் கருவிக்கு 45. மிச்சம் 219. எழுபது கிலோவில் இரண்டு பெரியவர்கள், முப்பத்தைந்தில் இரண்டு பிள்ளைகள் ஏறியதும் 9 கிலோ பாக்கி. 4,500 கிலோ இழுக்கும் என்ற வண்டி, 3,200 கிலோவிலேயே மூச்சு முட்டி நிற்கிறது. டிரெய்லரை முதலில் வாங்கிவிட்டு, ‘எங்கள் வண்டி இழுக்குமா’ என்று பிறகு கேட்பவர்கள் அடுத்த மாதமே புது பிக்கப்புக்கும் கடன் வாங்குவது இதனால்தான்.

அந்த 10 சதவீதம் ஏன் வேண்டும்? இந்த விஷயத்தில் மிக அழகான, மிக ஆபத்தான இயற்பியல் இதுதான். டிராவல் டிரெய்லரை மாட்டும் குமிழ், காரின் பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி இருக்கிறது. பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போது அதன் காற்று டிரெய்லரைப் பக்கவாட்டில் தள்ளும். டிரெய்லர் சற்றே திரும்பும்போது, காரின் வாலையும் இழுத்துத் திருப்பும். டிரெய்லரின் டயர்கள் அதை நேர்க்கோட்டுக்கு இழுக்கும். அது நேர்க்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகும். குறைந்த வேகத்தில் இந்த ஆட்டம், தள்ளாமல் விட்ட ஊஞ்சலைப் போல, தானே அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அடங்கும் தன்மை குறைந்துகொண்டே வரும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அது தலைகீழாகி, ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். சில விநாடிகளில் காரும் டிரெய்லரும் சாலைக்குக் குறுக்கே கிடக்கும்.

அந்த எல்லை வேகம் எது என்பதைத் தீர்மானிப்பவற்றில் முக்கியமானது எடை எங்கே இருக்கிறது என்பது. பொருள் ஒன்றை அச்சிலிருந்து இரு மடங்கு தள்ளி வைத்தால், அது தரும் சுழல் நிலைமம் நான்கு மடங்காகும். பின் பம்பரில் தொங்கும் இரண்டு சைக்கிள்கள் எடையில் சிறியவை. ஆனால் ஆட்டத்தைப் பொறுத்தவரை பெரியவை. அவை மாட்டுமுனையின் அழுத்தத்தையும் குறைத்துவிடும். ஆகவே ஒப்பிடும்போது விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி: நன்னீர்த் தொட்டி அச்சுக்கு முன்னாலா, பின்னாலா? கழிவுநீர்த் தொட்டிகள் எங்கே? குளித்துச் சமைத்து முடிக்கும்போது நூறு கிலோ நீர் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறியிருக்கும். காலையில் சரியாக இருந்த சமநிலை மாலையில் இருக்காது. வரைபடத்தில் சோபாவைத் தேடும் கண்கள் இந்தத் தொட்டிகளையும் தேட வேண்டும்.

ஃபிஃப்த் வீலில் சுமை பின் அச்சின் மேலேயே இறங்குவதால், பிக்கப்பின் வாலைத் திருப்பும் நெம்புகோல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பெரிய டிரெய்லருக்கு அது பாதுகாப்பான ஏற்பாடு. விலையும், கனமான பிக்கப் தேவைப்படுவதும் அதன் குறைகள்.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. இந்தப் பெட்டிகள் இரண்டரை மீட்டர் அகலம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம். காற்றை எதிர்க்கத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 95 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போனால், காற்றுக்கு மட்டுமே ஒன்றரை மடங்குக்கு மேல் திறன் செலவாகும். எரிபொருள் கணக்கில் இது உடனே தெரியும்.

ஆட்டம் ஆபத்து என்றால், கசிவு மெல்லக் கொல்லும் நோய். டிரெய்லர்ச் சுவர் மூன்று விதமாகக் கட்டப்படுகிறது. மரச்சட்டத்தின் மேல் நெளிந்த அலுமினியத் தகடு அடிப்பது பழைய முறை; மலிவு, பழுது பார்ப்பதும் எளிது. அலுமினியச் சட்டம், ஃபோம், மெல்லிய பிளைவுட், ஃபைபர்கிளாஸ் தோல் எல்லாவற்றையும் பசையால் ஒட்டி ஒரே பலகையாக்குவது இரண்டாவது. பார்க்க வழவழப்பு, எடையும் குறைவு. ஆனால் கூரை ஓரத்தில் ஒரு திருகுத் துளை வழியாக நீர் இறங்கினால் பிளைவுட் ஊறி, பசை விட்டு, தோல் உப்பும். அதைப் பழுது பார்க்கும் செலவு சில நேரம் வண்டியின் மதிப்பையே விழுங்கிவிடும். பழைய வண்டி பார்க்கும்போது சுவரோடு கன்னத்தை வைத்து, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நீளவாக்கில் பாருங்கள். நேரே நின்றால் தெரியாத உப்பல் அப்போது நிழலோடு எழுந்து நிற்கும். பிளைவுட்டுக்குப் பதில் நீரை உறிஞ்சாத கூட்டுப்பொருள் பலகை வைத்த வண்டிகள் வருகின்றன. அதற்குக் கூடுதல் விலை தரலாம் என்பேன்.

மூன்றாவது முறை, படகைப் போல் வார்த்த இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளை மேலும் கீழுமாகச் சேர்ப்பது. 1968-ல் கனடாவின் வினிபெக்கில் ரே ஒலெக்கோ தொடங்கிய போலர் இந்த வகையில் பேர்போனது. இப்போது ஸ்கேம்ப், காசிட்டா போன்றவை இதே முறையில் வருகின்றன. கூரை ஓரத்தில் இணைப்பே இல்லாததால் கசிவதற்கான வழிகள் குறைவு. அரைநூற்றாண்டு தாண்டிய போலர்கள் இன்னும் ஓடுகின்றன. இடம் சிறியது, உண்மைதான். இருவர் மட்டுமே போவதென்றால் இதையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

நீர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். உள்ளே அடுப்பெரித்துச் சமைத்தால் அதெல்லாம் அறைக்குள்தான். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், குளிர் இரவில் சுவருக்குள் உள்ள அலுமினியச் சட்டங்களின் நேரே நீர் முத்துக்கட்டும். ‘நான்கு பருவத்துக்கும் ஏற்றது’ என்ற வாசகத்துக்குச் சட்டப்படியான அளவுகோல் எதுவும் கிடையாது. தொட்டிகளின் அடிப்பக்கம் மூடப்பட்டு, சூடான காற்று அங்கே போகிறதா என்று கேட்டால் உண்மை தெரியும்.

புது வண்டிக்குள் கண் எரிந்தால் அலட்சியம் வேண்டாம். 2005-ல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களை அரசு டிரெய்லர்களில் குடிவைத்தபோது, பலருக்கு மூச்சுத் திணறலும் கண்ணெரிச்சலும் வந்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 டிரெய்லர்களிலும் நடமாடும் வீடுகளிலும் காற்றைச் சோதித்தது. ஃபார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடிக்கு 77 பங்கு இருந்தது. மரப்பலகைப் பசையிலிருந்து வந்த நச்சு அது. 2010-ல் பலகைகளுக்கு வரம்பு விதித்து சட்டம் வந்தது. இருந்தாலும் வாங்கிய முதல் வாரங்களில் ஜன்னல்களைத் திறந்து வைப்பதே நல்லது; வெப்பம் ஏற ஏற இந்த வாயு அதிகம் வெளிவரும்.

குளிர்பெட்டியும் ஒப்பிட வேண்டியது. நெருப்பால் குளிரூட்டும் பெட்டியை 1922-ல் ஸ்டாக்ஹோம் ராயல் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் பால்ட்சர் வான் பிளாட்டனும் கார்ல் முண்டர்ஸும் உருவாக்கினார்கள். அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்க்குள் சுற்றுகின்றன; அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. சிறு கேஸ் சுடர் போதும், மின்சாரம் மிகக் குறைவு. ஆனால் உள்ளே திரவம் புவியீர்ப்பால் மட்டுமே வழிவதால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். இப்போது வரும் 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டி சரிவிலும் வேலை செய்யும், வேகமாகக் குளிரும், ஆனால் பேட்டரியைக் கேட்கும்.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. லெட்-ஆசிட் என்றால் பாதியைத்தான் எடுக்கலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் ஏறக்குறைய முழுவதும். கூரை ஏ.சி. சுமார் 1,400 வாட் இழுக்கும். ஆகவே நல்ல லித்தியம் பேட்டரி ஒன்று ஒரு மணி நேரம்கூட ஏ.சி.யைத் தாங்காது. காட்டில் தங்கப் போகிறவர் பேட்டரியும் சூரியப் பலகையும் எவ்வளவு என்று பார்க்கட்டும். மின் இணைப்புள்ள முகாம்களில் மட்டுமே தங்குபவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கட்டும். உறைபனி ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். வெப்பமூட்டி உள்ளதா என்று கேளுங்கள்.

பிராண்ட் பெயர்களில் அதிகம் மயங்க வேண்டியதில்லை. அமெரிக்க ஆர்.வி.களில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் உருவாகின்றன. ஏர்ஸ்ட்ரீம், ஜேகோ, கீஸ்டோன் மூன்றுமே தோர் நிறுவனத்தின் கீழ் வருபவை. போட்டியாளர்கள் பலர் ஒரே லிப்பர்ட் சட்டகத்தின் மேல்தான் கட்டுகிறார்கள். பெயர்ப் பலகையைவிட அந்த வண்டியின் அச்சுத் திறன், தொட்டி அளவு, கூரை வேலை, அருகில் சர்வீஸ் கிடைக்குமா என்பவை அதிகம் சொல்லும்.

பிடித்த மாதிரி ஒன்றை முடிவு செய்ததும் அதேபோன்ற வண்டியை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். வாங்கும் வண்டியின் டயரில் DOT என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம். ஓடாமல் நின்ற டிரெய்லரில் டயர் பள்ளம் பளபளவென்று இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

பிறகு, விற்பனையாளரோடு தொடர்பில்லாத ஆய்வாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். நீர்த்தொட்டி, அடுப்பு, பிரேக், மின்சாரம் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்ப்பார். கசிவுச் சோதனைக்குக் கூரைத் துவாரத்தில் ஒரு விசிறியைப் பொருத்தி உள்ளே காற்றழுத்தத்தைச் சற்றே கூட்டுவார்கள். பிறகு வெளியே ஏணியில் ஏறி, இணைப்புகளின் மேல் சோப்பு நீரைத் தெளிப்பார்கள். ஜன்னல் ஓரத்திலோ விளக்கின் அடியிலோ நுரை குமிழிட்டால், மழைநீர் உள்ளே போகும் வழி அதுதான். புது வண்டியிலும் குமிழ்கள் வருவதுண்டு. அந்த இடங்களைப் படமெடுத்து, அடைத்துத் தருவதாக எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.