கூரியர் எழுத்தின் தடித்த பாதங்கள்

பழைய தட்டச்சுத் தாள் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முற்றுப்புள்ளி உள்ள சில இடங்களில் ஊசி குத்தினாற்போல் துளை தெரியும். மற்ற எழுத்துகள் பெரும்பாலும் தாளைத் துளைப்பதில்லை. ஏன்?

விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். எந்த எழுத்தைத் தட்டினாலும் விரலின் விசை ஏறத்தாழ ஒன்றே. புள்ளியின் பரப்போ மிகச் சிறியது. ஆகவே அங்கே அழுத்தம் மிகுந்து தாள் கிழிகிறது. ஆங்கிலத் தட்டச்சு எழுத்தின் உருவத்தை நிர்ணயித்ததில் இந்த எளிய விதிக்கும் பங்கு உண்டு.

பாதம் என்பது என்ன?

ஆங்கிலப் புத்தக எழுத்துகளில் கோடுகளின் முனையில் சிறு குறுக்குக் கோடுகள் இருக்கும். இவற்றுக்குச் 'செரிஃப்' என்று பெயர். நாம் பாதம் எனலாம். டைம்ஸ் ரோமன் எழுத்தில் பாதம் மெலிந்து கூராக முடியும். அது பலகைபோல் தடித்திருந்தால் 'ஸ்லாப் செரிஃப்' ஆகும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் இவ்வகை எழுத்து இடம்பெற்றது. தூரத்திலிருந்தே கண்ணைக் கவர்வதால் விளம்பரத் தாள்களில் இது பரவியது.

தட்டச்சுப் பொறிக்கு இது வேறு வகையில் பொருந்தியது. மெல்லிய கோடு தாளை வெட்டும். பட்டையான கோடு மங்கலாகப் பதியும். கோடுகள் எல்லாம் ஒரே தடிப்பில் இருந்தால் அழுத்தம் சமமாகப் பரவும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் பொறி ஒரே அளவு தூரமே நகரும். ஒல்லியான 'ஐ' எழுத்துக்கும் அகன்ற 'எம்' எழுத்துக்கும் அதே இடம்தான். 'ஐ'யின் இருபுறமும் வெற்றிடம் விழாமல் நீண்ட பாதங்கள் அதை நிரப்புகின்றன.

இவ்விரு தேவைகளுக்கும் இசைந்த எழுத்தே கூரியர். 1950-களின் நடுவில் ஐ.பி.எம். நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் இதை வரைந்தார்.

நீங்களே அளந்து பாருங்கள்

கணினியில் கூரியர் எழுத்தை 12 புள்ளி அளவில் வைத்து, 'ஐ' பத்தும் அதன் கீழே 'எம்' பத்தும் அடித்து அச்சிடுங்கள். அளவுகோல் இரண்டு வரிகளுக்கும் 1 அங்குலமே காட்டும்.

இப்படி நிரல் பிறழாமல் நிற்பதால் கணினி நிரல் எழுதுவோர் சம அகல எழுத்துகளையே விரும்புகின்றனர். ஹாலிவுட் திரைக்கதைகள் கூரியரில் எழுதப்படுகின்றன. ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை 2004 வரை இதன் கணினி வடிவமான 'கூரியர் நியூ'வைப் பயன்படுத்தியது.

கூரியர் நியூ பலருக்கு மெலிந்து தோன்றும். காரணம் என்ன? பொறியில் இருந்த உலோக எழுத்தின் அளவு அப்படியே கணினிக்கு வந்தது. மை நாடா தாளில் சேர்க்கும் பருமன் வரவில்லை. கெட்லர் வரைந்தது உலோகத்தை மட்டும் எண்ணி அன்று. மையையும் தாளையும் விரலின் விசையையும் சேர்த்தே. அவற்றில் ஒன்று விடுபட்டாலும் எழுத்து இளைத்துவிடுகிறது அல்லவா?