எலிக்கூண்டில் ஒரு துப்பறிதல்

1998ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம். பாட்ரிசியா ஹண்ட் என்ற உயிரியலாளர் எலிகளின் கருமுட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை எதுவும் செய்யாமல், மற்ற எலிகளோடு ஒப்பிடுவதற்காகவே வளர்த்த எலிகள் அவை. வழக்கமாக அவற்றின் முட்டைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டில்தான் குரோமோசோம்கள் தாறுமாறாகக் கிடக்கும். அந்த மாதம் திடீரென்று நூற்றுக்கு நாற்பது!

யாரும் மருந்து கொடுக்கவில்லை, ஊசி போடவில்லை. பிறகு எப்படி? வாரக்கணக்கில் தேடியபின் துப்பு கிடைத்தது, அதுவும் கூண்டு கழுவும் இடத்தில்! யாரோ தரை கழுவும் காட்டமான மருந்தை எடுத்து, எலிகளின் கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் கழுவியிருக்கிறார். இரண்டுமே பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்தவை. அந்த மருந்து பிளாஸ்டிக்கை அரித்துவிட்டது. அதிலிருந்து கசிந்த ஒரு வேதிப்பொருள் எலிகளின் உடலுக்குள் போயிருக்கிறது. ஹண்ட் ஊகத்தோடு நிற்கவில்லை. வேண்டுமென்றே கூண்டுகளை அதே மருந்தால் கழுவிப் பார்த்தார். அதே கோளாறு மறுபடி வந்தது. 2003இல் ஆய்வு வெளியானது.

கசிந்த பொருளின் பெயர் பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ. பாலிகார்பனேட் என்பதே பிபிஏ மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலிதான். சூடு, காட்டமான சோப்பு, நாள்பட்ட தேய்மானம் ஆகியவற்றால் சங்கிலி அறுந்தால் பிபிஏ தண்ணீரில் கலக்கும். நம் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது. செல்களில் அதற்கென்றே உள்ள பூட்டில் பிபிஏ கள்ளச்சாவி போல நுழைந்துவிடும். ஹார்மோன்கள் இம்மியளவிலேயே வேலை செய்பவை. அதனால் கள்ளச்சாவியும் கொஞ்சம் இருந்தாலே கவலைதான், அதிலும் வளரும் குழந்தைகளுக்கு.

எனக்கு ஆறாத வியப்பு ஒன்று உண்டு. பிபிஏ ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் என்பதை எட்வர்ட் டாட்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1936லேயே கண்டுபிடித்துவிட்டார். பாலிகார்பனேட் பிறந்ததோ 1953இல்! தெரிந்தே அதில் பால்புட்டி வரை செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல்தான் பால்புட்டிகளில் பிபிஏவுக்குத் தடை போட்டது. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் உடலில் தினமும் சேரலாம் என்று தான் முன்பு சொல்லியிருந்த அளவை இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது.

எலிக்கு வந்தது மனிதருக்கும் அப்படியே வரும் என்று சொல்லிவிட முடியாது. அதற்காகப் பொருட்படுத்தாமல் விட்டுவிடவும் முடியாது.

சரி, கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்? அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். அது பெட் பிளாஸ்டிக். அதைச் செய்ய பிபிஏ தேவையில்லை. ஆனால் தயாரிக்கும்போது சேர்க்கும் ஆண்டிமனி என்ற தனிமம் கொஞ்சம் தங்கியிருக்கும். அரிசோனாவில் ஆய்வாளர்கள் இந்தப் பாட்டில் தண்ணீரைச் சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கா குடிநீருக்கு வைத்திருக்கும் ஆண்டிமனி வரம்பு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம். 60 டிகிரி செல்சியஸில் அந்த வரம்பைத் தொட 176 நாள் ஆனது. 80 டிகிரியிலோ இரண்டரை நாள்கூட ஆகவில்லை! சாதாரண அறை வெப்பத்தில் கசிவு மிகக் குறைவு. ஆக, பாட்டிலை வெயிலில் அடுக்கி வைப்பதுதான் வம்பு.

முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தால் அது 'மற்றவை' என்ற வகை. பாலிகார்பனேட் அதில் ஒன்று. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனின் அடியை ஒருமுறை பாருங்கள்.

ஹண்டின் கதை இன்னும் முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவருடைய எலிகளில் மறுபடியும் கோளாறு. இந்தமுறை கூண்டுகள் வேறு பிளாஸ்டிக். பழுதான அந்தக் கூண்டுகளிலிருந்து கசிந்தது பிபிஎஸ் என்ற பொருள். பிபிஏவுக்கு மாற்றாக வந்த அதன் பங்காளி! 2018இல் அவருடைய குழு இதை வெளியிட்டது.

ஆகவே 'பிபிஏ இல்லாதது' என்று ஒட்டியிருந்தால், "சரி, அதற்குப் பதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை வெந்நீர், சூடான பால், ரசம் எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள். பள்ளிக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.