கள்ளுப் போத்தலை மூடும் வேளை

சில ஆண்டுகளுக்கு முன்னர் வவுனியாவிலிருந்து கொழும்பு செல்லும் புகையிரதத்தில் ஒரு வேடிக்கை நிகழக் கண்டோம். இன்றுதான் அது வேடிக்கை; அன்று பெட்டியிலிருந்தோர் யாவரும் நடுநடுங்கிப் போயினர். முல்லைத்தீவுப் பக்கத்து உறவினர் ஒருவர், காலையில் இறக்கிய பனங்கள்ளைக் கண்ணாடிப் போத்தலில் நிறைத்து, தக்கையிட்டு, கயிற்றால் இறுகக் கட்டி எம்மோடு வந்தவரிடம் கொடுத்திருந்தார். மதவாச்சியை அடையுமுன் போத்தல் வெடித்துச் சிதறிற்று. வன்னி மக்களுக்கு அவ்வோசை எதனை நினைவூட்டும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

பிழை கயிற்றிலன்று, மூடிய வேளையிலேயே இருந்தது.

பாளையிலிருந்து சொட்டும் நீர் இனிப்பானது. நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் அதில் வெல்லம் இருப்பதுண்டு. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீராகவே இறங்கும். பூசாவிடில், காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியிலும் உள்ள மதுவம் மரத்திலேயே தன் வேலையைத் தொடங்கிவிடும். வெல்லம் மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் பிரியும். முட்டியில் அவ்வாயு நுரையாய்ப் பொங்கிப் போய்விடும். மூடிய போத்தலில் அதற்குப் போக்கிடமில்லை. ஓர் இலீற்றர் கள்ளில் எஞ்சிய வெல்லத்தில் 4 கிராம் நொதித்தாலே ஏறக்குறைய ஓர் இலீற்றர் வாயு பிறக்கும். எஞ்சியிருப்பது 40 கிராம் ஆயின் எந்தக் கண்ணாடி அதனைத் தாங்கும்?

அப்படியாயின் நொதித்து முடியும்வரை பொறுத்திருந்தாலென்ன என்று கேட்கலாம். மேனாட்டார் வீட்டிற் பியர் வடிக்கும்போது அப்படித்தான் செய்கின்றனர். இங்கிலாந்தில் 1963 முதல் அதற்கு உரிமப்பத்திரம் வேண்டியதில்லை. அவர்கள் வாற்கோதுமைச் சாற்றைக் கொதிக்கவைத்து ஆற்றி, தேர்ந்த மதுவத்தை மாத்திரம் இட்டு, பாத்திரத்தை மூடிவைப்பர். நீர்மானி என்னும் மிதவைக் கருவி இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்டினால் நொதிப்பு ஓய்ந்தது என்று பொருள். பின்னர் இலீற்றருக்கு ஆறேழு கிராம் சீனி சேர்த்து அடைப்பர். நுரைக்கு அது போதும். அன்னாசி, மாம்பழம் முதலியவற்றின் சாற்றைச் சேர்ப்போர் மறுபடியும் காத்திருத்தல் வேண்டும். பழத்தோடு புதிய வெல்லம் புகுந்துவிடுகிறதல்லவா? பொறுமையற்றோர் வீட்டிற்றான் போத்தல் வெடிக்கும்.

கள்ளோ கொதிக்கவைக்கப்படாதது. மதுவத்தோடு புளிப்பேற்றும் நுண்ணுயிர்களும் அதில் வாழ்கின்றன. மதுவம் ஓயட்டும் என்று மறுநாள்வரை காத்திருந்தால் மதுசாரம் அசற்றிக் அமிலமாகத் தொடங்கும். பிறகு கையிலிருப்பது கள்ளன்று, காடி. முந்தினால் வெடிப்பு, பிந்தினால் புளிப்பு. தானாக ஓய்ந்து நிற்கும் வேளை கள்ளுக்கு இல்லை, நாமே நிறுத்தவேண்டும். அதற்கு வழி காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர். வைனைச் சூடாக்கிக் கெடாமற் காக்கும் முறையை 1860களில் அவர் கண்டார். 1876இல் பியரைப்பற்றித் தனி நூலே எழுதினார். காரமும் இனிப்பும் நாவுக்கு இசைந்த மணியில் கள்ளை வடிகட்டி, போத்தலில் அடைத்து, 60 பாகை செல்சியசு அளவான வெந்நீரில் ஏறக்குறைய இருபது நிமிடம் வைத்தால் மதுவம் மடியும், போத்தலும் அடங்கும். மணம் சற்றே மாறுவது உண்மை. பிளாவில் உடன்கள் அருந்திப் பழகிய முதியோர் அதனை ‘அவித்த கள்’ என்று முகஞ்சுளிப்பர். அவர்கள் சுளிப்பதிலும் நியாயமுண்டு.

இதனை வீட்டில் செய்துபார்க்க எவரும் எண்ணவேண்டாம். 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் உரிமமின்றி மது செய்வதைத் தடுக்கிறது. குடிப்பழக்கத்துக்கு நாம் பரிந்துபேசவுமில்லை. எமது கவலை மரமேறுவோரைப் பற்றியது. 2009இல் முடிந்த போரில் வன்னியின் பனைகள் எத்தனையோ காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. எத்தனையோ எறிகணையில் தலையிழந்தன. எஞ்சியவற்றில் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குபவர், பாளை பெருகும் காலத்தில் தவறணையில் விலைப்படாத கள்ளை நிலத்தில் ஊற்றவேண்டியவராகிறார். உயிரைப் பணயம் வைத்து இறக்கியதற்கு ஒரு மாலைப்பொழுதே ஆயுள்! கூட்டுறவுச் சங்கங்கள் உரிய வேளையிற் போத்தலில் அடைத்தால் அந்த ஆயுள் மாதங்களாக நீளும். உழைப்புக்கு விலையும் கிடைக்கும்.

அந்த உறவினர் இப்போதெல்லாம் கொழும்பு செல்வோரிடம் பனங்கட்டிதான் கொடுத்தனுப்புகிறார்.