பனியும் கடலும் திருப்பித் தந்த கடிதங்கள்

1935 டிசம்பர் 31 இரவு. கிரீட் தீவிலிருந்து வந்த 'சிட்டி ஆஃப் கார்ட்டூம்' கடல் விமானம் அலெக்சாந்திரியா துறைமுகத்தை நெருங்கும் வேளையில் அதன் மூன்று எஞ்சின்களும் எரிபொருள் வராமல் நின்றுவிட்டன. விமானத்திலிருந்த 13 பேரில் விமானி ஒருவர் மட்டுமே பிழைத்தார். லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த தபால் மூட்டைகளும் கடலுக்குள் போயின.

பின்னர் மூட்டைகளை மீட்டு, கடிதங்களை உலர்த்தி, உரியவர்களுக்கு அனுப்பினார்கள். இப்படிக் கடலில் ஊறிய உறைகளைப் பார்த்தால் பெரும்பாலும் அஞ்சல்தலை இருக்காது. தலையின் பின்புறப் பசை தண்ணீரில் கரைந்துவிடும். காகிதத்தின் செல்லுலோஸ் இழைகள் கரையாமல் நிற்கும். ஆகவே தலை இருந்த இடம் வெறும் சதுரமாகத் தெரியும். அதன் விளிம்பில் தபால் முத்திரையின் வளைவு பாதியில் அறுந்து நிற்கும். மறுபாதி தலையோடு கடலுக்குப் போயிற்று. மிஞ்சிய வளைவில் ஒரு தேதி கிடைத்தாலும் ஆராய்ச்சியாளருக்குப் பெரும் புதையல்.

ஏனென்றால், மீட்ட கடிதத்தில் தபால் துறை அவசரத்தில் குத்தும் முத்திரை பல சமயம் 'கடல்நீரால் சேதமடைந்தது' என்பதோடு நின்றுவிடும். எந்த விமானம், எந்த விபத்து என்று சொல்லாது. கடிதம் போட்ட தேதி, அன்றைய விமான கால அட்டவணை, செய்தித்தாள் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெழுகுவர்த்தியில் உறையைக் கருக்கி, எரிந்த விமானத்திலிருந்து மீண்டது என்று ஏமாற்றுபவர்களும் இந்தப் பொருத்தலில்தான் மாட்டுவார்கள்: விமானம் புறப்பட்ட பிறகு போட்ட கடிதம் அந்த விமானத்தில் எரிந்திருக்க முடியாதே!

இந்த வேலையை உலகம் முழுவதற்குமாக எடுத்துச் செய்தவர் பெல்ஜியத்தின் ஹென்றி நீரிங்க். மீட்கப்பட்ட விமானத் தபாலுக்கென்றே அவர் தொகுத்த பட்டியல் நூலில் விபத்து நடந்த தேதியே அந்த விபத்தின் எண்: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். அலெக்சாந்திரியா விபத்து 351231. எந்த மொழிக்காரரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் ஏற்பாடு. சேகரிப்பாளர்கள் இன்றும் 'நீரிங்க் எண்' என்றே கேட்கிறார்கள். ஒரு மனிதரின் பொறுமைக்கு இதைவிட நல்ல நினைவுச் சின்னம் எனக்குத் தெரியவில்லை.

தீயிலும் கடிதம் தப்பும். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலில் சுமார் 17,000 தபால்கள் இருந்தன. சில நூறு மிஞ்சின. இறுகக் கட்டிய கடிதக் கட்டுக்குள் காற்று புகாது. அதனால் ஓரம் கருகும், நடுவிலுள்ள முகவரி பிழைக்கும்.

பனி இன்னும் நல்ல காவலாளி. 1950 நவம்பர் 3 அன்று ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் மலையில் மோதி 48 பேர் இறந்தார்கள். பனியாறு உறைந்த நிலையிலும் மெல்ல நகரும். தான் விழுங்கியதைக் கீழே கொண்டுவரும். 1978இல் அங்கே ஒரு தபால் பை கிடைத்தது. அதிலிருந்த கடிதங்களில் பலவற்றைப் படிக்க முடிந்தது. பிரெஞ்சு தபால் துறை அவற்றை உரிய முகவரிகளுக்கு அனுப்பிவைத்தது, 28 ஆண்டுகள் கழித்து!

அதே மலையில் 1966 ஜனவரி 24 அன்று அணு விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேரைப் பலிகொண்ட 'கஞ்சன்ஜங்கா' விமானத்தின் தூதரகப் பை 2012இல் வெளிப்பட்டது. உள்ளே அந்த மாதத்துச் செய்தித்தாள்கள். வெப்பம் கூடக் கூடப் பனியாறு வேகமாகக் கரைகிறது. இரண்டு இந்திய விமானங்களின் சுமையும் ஒரே மலைச்சரிவில் வெளிவருவதால், கிடைக்கும் ஒவ்வொரு தாளும் 1950ஐச் சேர்ந்ததா, 1966ஐச் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல நீரிங்க் போன்றவர்களின் பட்டியல்தான் கைகொடுக்கும்.