யத்தீமின் உரிமை: பரிவும் பொறுப்பும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. 2021 மே 13 அன்று அங்குள்ள ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். இத்தகைய வேளைகளில் இறந்தோரை எண்ணுகிறோம். தந்தையை இழந்த பிள்ளைகளை எண்ணுவது அரிது. தந்தையை இழந்த, பருவமெய்தாத பிள்ளையையே ஷரீஅத் ‘யத்தீம்’ என்கிறது.

மறைந்த தம்பியின் மனைவியையும் ஒரே மகளையும் பராமரித்து வரும் அன்பர் ஒருவர், “பள்ளியில் என் பெயரையே தந்தை பெயராகப் பதியலாமா?” என்று என்னிடம் வினவினார். பரிவில் பிறந்த வினாதான். எனினும் விடை, கூடாது என்பதே. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் பணிக்கிறது. அண்ணலார் (ஸல்) வளர்த்த ஸைத் (ரலி) அவர்களும் மீண்டும் ‘ஹாரிஸாவின் மகன்’ என்றே அழைக்கப்பட்டார்கள்.

நசபை மாற்றாது பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்ப்பதே கஃபாலத். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, தன் 20-ஆம் பிரிவில் இதனைப் பெயர் சுட்டி ஏற்றுள்ளது. நம் நாட்டு இளைஞர் நீதிச் சட்டம் தத்தெடுப்புக்கு வழி திறந்துள்ளது. ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முஸ்லிம்களும் அவ்வழியை நாடலாம் என்றது. அது விருப்பத்திற்குரியதே, கட்டாயமன்று என்றும் தெளிவுபடுத்தியது.

பெயரினும் நுட்பமானது பொருள். பெற்றோரோ, ஆண்மக்களோ, சகோதரியரோ இன்றி, மனைவி, ஒரு மகள், உடன்பிறந்த அண்ணன் ஆகியோரை மட்டும் விட்டு ஒருவர் இறப்பின், கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியதில் மனைவிக்கு 1/8, மகளுக்கு 1/2, அண்ணனுக்கு 3/8. ஆகவே வளர்ப்பவரே பங்காளியுமாகிறார். அவர் தம் பங்கைப் பெறலாம். சிறுமியின் பங்கில் கை வைத்தலாகாது. விபத்து இழப்பீட்டுத் தொகையோ வாரிசுச் சொத்தே அன்று. இறந்தவரைச் சார்ந்திருந்தோர்க்குச் சட்டம் அளிப்பது.

ஹனஃபி ஃபிக்ஹின்படி, தந்தைக்குப்பின் அவர் நியமித்த வஸீயும், பின்னர் தந்தைவழிப் பாட்டனாருமே சொத்துக்குக் காப்பாளர். பெரிய தந்தைக்கு அவ்வுரிமை தானாக வருவதில்லை, தாய்க்கும் அவ்வாறே. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் நியமனம் பெறுதல் வேண்டும். நியமனமின்றிச் சிறுமியின் நிலத்தை விற்றால் அவ்விற்பனை செல்லாது என்பதே, 1918-இல் பிரிவி கவுன்சில் இமாம்பாந்தி வழக்கில் நிலைநாட்டிய நெறியாகும்.

வளர்ப்பவர் தம் சொத்திலிருந்தும் அவளுக்கு வழங்க விரும்பினால் தடையில்லை. வாழும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். அவள் தமக்கு வாரிசாகாத நிலையில், மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் செய்யலாம்.

யத்தீம்களின் பொருளை அவர்களிடம் ஒப்படைக்கையில் சாட்சிகளை வைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் கூறுகிறது. மகல்லா ஜமாஅத்துகள் ஜனாஸா நடந்த சில நாட்களிலேயே பிள்ளையின் பங்கைக் கணக்கெழுதி, சாட்சியுடன் பதிந்து வைத்தல் நலம். அந்த அன்பரிடமும் முதலில் அக்கணக்கை எழுதுமாறே கூறினேன்.